இன்சாட் மேகப் படங்களைப் படிப்பது எப்படி: புதியவர்களுக்கான வழிகாட்டி

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வங்கக்கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி உருவாகிவிட்டது என்ற செய்தி வந்தவுடன், சிவப்பும் ஊதாவும் கலந்த செயற்கைக்கோள் படங்கள் கைபேசிக்குக் கைபேசி பரவத் தொடங்குகின்றன. சிவப்பு தம் ஊரின்மேல் இருந்தால் கனமழை உறுதி என்றும், இல்லாவிட்டால் மழையே இல்லை என்றும் பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். இரண்டு முடிவுகளுமே பொய்த்துப்போகக்கூடியவை. அந்தப் படம் மழையைக் காட்டுவதில்லை. பூமியிலிருந்தும் மேகங்களிலிருந்தும் மேலே செல்லும் கதிர்வீச்சை ஒரு கருவி அளந்து, அந்த அளவுக்கு ஒரு நிறத்தைக் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான். எந்தக் கருவி, எந்த அலைவரிசையில், எத்தனை மணிக்கு அளந்தது என்ற மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகிக்கொண்டால், அதே படத்திலிருந்து மிக நம்பகமான செய்திகளை எடுக்க முடியும். அதற்கான வழியைப் படிப்படியாகக் கீழே தருகிறேன்.

முதல் படி: கருவியைத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்தியப் பகுதிக்கு நாம் அன்றாடம் பார்க்கும் மேகப் படங்கள் இஸ்ரோவின் இன்சாட்-3டி வரிசைச் செயற்கைக்கோள்களிலிருந்து வருகின்றன. இன்சாட்-3டி 2013 ஜூலை 26 அன்று பிரெஞ்சு கயானாவின் கூரு ஏவுதளத்திலிருந்து ஏரியன் ராக்கெட்டில் சென்றது. இன்சாட்-3டிஆர் 2016 செப்டம்பர் 8 அன்றும், இன்சாட்-3டிஎஸ் 2024 பிப்ரவரி 17 அன்றும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஜிஎஸ்எல்வி ராக்கெட்டுகளில் ஏவப்பட்டன. நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே, ஏறத்தாழ 36,000 கி.மீ. உயரத்தில், 3டிஆர் 74 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையிலும் 3டிஎஸ் 82 டிகிரி கிழக்கிலும் நிலைகொண்டுள்ளன. அந்த உயரத்தில் செயற்கைக்கோள் பூமியைச் சுற்றிவர எடுக்கும் நேரமும் பூமி தன்னைத்தானே சுற்றிக்கொள்ளும் நேரமும் ஒன்றாக இருப்பதால், அது நம் தலைக்கு மேலே ஒரே இடத்தில் நிற்பதாகவே நமக்குத் தோன்றும். இரவும் பகலும் வங்கக்கடலை விடாமல் கவனிக்க முடிவது இதனால்தான்.

இந்தச் செயற்கைக்கோள்களில் வானிலைக்கென இரண்டு முதன்மைக் கருவிகள் உள்ளன. ஒன்று இமேஜர், நாம் படமாகப் பார்ப்பது இதன் வேலை. மற்றொன்று 19 அலைவரிசைகள் கொண்ட சவுண்டர். வளிமண்டலத்தின் வெவ்வேறு உயரங்களில் நிலவும் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் கணக்கிட உதவும் அதன் தரவுகளைக் கண்ணால் பார்த்துப் படிப்பதற்குத் தொடக்கத்தில் தேவை இல்லை.

இமேஜரை நாம் பழகிய கேமராபோல ஒரே நொடியில் முழுப் படத்தையும் பிடிக்கும் கருவி என்று நினைத்துவிடக் கூடாது. அதன் முன்னால் ஓர் அசையும் கண்ணாடி இருக்கிறது. அது கிழக்கு மேற்காக ஒரு முறை நகரும்போது பூமியின்மேல் 8 கி.மீ. அகலமுள்ள ஒரு பட்டையை உள்வாங்குகிறது. பிறகு ஒரு படி நகர்ந்து அடுத்த பட்டைக்குச் செல்கிறது, உழவர் சாலுக்கு அடுத்த சால் ஓட்டுவதைப்போல. இப்படிப் பூமியின் வட்டம் முழுவதையும் முடிக்க ஏறத்தாழ 26 நிமிடங்கள் ஆகின்றன. கண்ணாடி பிரதிபலிக்கும் கதிர்கள் தொலைநோக்கி வழியாகச் சென்று, அலைநீளத்துக்கு ஏற்பப் பிரிக்கப்பட்டு, தனித்தனி உணரிகளில் விழுகின்றன. வெப்பக் கதிர்களை அளக்கும் உணரிகள் தாமே சூடாக இருந்தால் தம் சூட்டையும் சேர்த்து அளந்துவிடும் என்பதால், அவற்றை விண்வெளியின் குளிரைப் பயன்படுத்தியே மிகத் தாழ்ந்த வெப்பநிலையில் வைத்திருக்கிறார்கள். குளிர்ந்த விண்வெளியையும், வெப்பநிலை தெரிந்த ஒரு கரும்பொருளையும் அவ்வப்போது பார்த்து, கருவி தன் அளவைச் சரிபார்த்துக்கொள்கிறது. இந்தச் சரிபார்ப்பு இருப்பதால்தான் படத்தின் ஒவ்வொரு புள்ளியையும் நிறமாக மட்டும் பார்க்காமல் வெப்பநிலையாகவும் படிக்க முடிகிறது.

இரண்டாம் படி: நேரத்தை முதலில் பாருங்கள்

படத்தின் ஓரத்தில் செயற்கைக்கோளின் பெயர், அலைவரிசை, நாள், நேரம் ஆகியவை அச்சாகியிருக்கும். அந்த நேரம் பெரும்பாலும் யுடிசி எனப்படும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். அதனுடன் 5 மணி 30 நிமிடத்தைக் கூட்டினால் இந்திய நேரம் கிடைக்கும். எளிய கணக்குதான் என்றாலும், இரவில் நாளே மாறிவிடும் என்பதை மறந்துவிடக் கூடாது. கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது 2018 நவம்பர் 16 அதிகாலை, நள்ளிரவு கடந்து ஏறத்தாழ 12.30 மணி முதல் 2.30 மணி வரையிலான நேரத்தில். அந்தப் படங்களைக் காப்பகத்தில் தேடுபவர் நவம்பர் 15 என்ற நாளின் கீழ், 19.00 முதல் 21.00 யுடிசி வரை தேட வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அச்சாகியிருக்கும் நேரம் வருடல் தொடங்கிய நேரம். கண்ணாடி பட்டை பட்டையாக நகர்ந்து தமிழகத்தின் பகுதிக்கு வந்து சேர்வது அதற்குச் சில நிமிடங்கள் கழித்துத்தான். படம் தயாராகி நம் கைக்கு வருவதற்குள் இன்னும் நேரம் போயிருக்கும். ஓர் இடிமேகம் அரை மணி நேரத்தில் உருவாகி வளர்ந்துவிடக்கூடியது என்பதால், கையில் இருப்பது எப்போதுமே சற்று முந்தைய வானம் என்ற நினைப்போடு படிக்க வேண்டும். இரண்டு செயற்கைக்கோள்கள் மாறி மாறி வருடும்போது 15 நிமிடத்துக்கு ஒரு படம் கிடைப்பது இந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. யாரோ அனுப்பிய படத்தில் நேரம் வெட்டப்பட்டிருந்தால் அதைப் படிக்கவே முயல வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

மூன்றாம் படி: அலைவரிசையை அடையாளம் காணுங்கள்

இன்சாட்-3டி வரிசையின் இமேஜருக்கு ஆறு அலைவரிசைகள் உண்டு. 1983-இல் ஏவப்பட்ட இன்சாட்-1பி செயற்கைக்கோளின் கருவிக்கு இரண்டும், 2002-இல் சென்று பின்னர் கல்பனா-1 என்று பெயர் பெற்ற செயற்கைக்கோளுக்கு மூன்றும் இருந்தன. எண்ணிக்கை கூடக் கூட, மேகத்தைப் பற்றி நாம் கேட்கக்கூடிய கேள்விகளும் கூடின.

கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் அலைவரிசை 0.55 முதல் 0.75 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளம் வரை உள்ளது. இதில் ஒரு புள்ளி, செயற்கைக்கோளுக்கு நேர் கீழே, 1 கி.மீ. அளவுள்ளது. மேகத்தில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியை இது அளக்கிறது. ஆகவே தடித்த மேகம் வெண்மையாகவும், மெல்லிய மேகம் மங்கலாகவும், கடல் கருமையாகவும் தெரியும். இரவில் இந்தப் படம் வெறும் இருட்டு. கஜா கரையைக் கடந்த மணிகளுக்கு இந்த அலைவரிசையில் எதுவும் கிடைக்காது.

வெப்ப அகச்சிவப்பு அலைவரிசைகள் இரண்டு: 10.3 முதல் 11.3 மைக்ரான் வரை ஒன்று, 11.5 முதல் 12.5 மைக்ரான் வரை மற்றொன்று. இரண்டிலும் ஒரு புள்ளி 4 கி.மீ. அளவுள்ளது. இவை அளப்பது, கண்ணுக்கு எட்டும் மேற்பரப்பின் வெப்பத்தை. மேகம் இருந்தால் மேகத்தின் உச்சி, இல்லையென்றால் தரை அல்லது கடல். உயரே போகப் போகக் காற்று குளிர்வதால், உச்சி குளிர்ந்திருந்தால் மேகம் உயரமானது என்று கொள்கிறோம். படத்தில் குளிர்ந்தவை வெண்மையாகவும் சூடானவை கருமையாகவும் தெரியும்படி அமைப்பது வழக்கம். இரவு பகல் பாராமல் வேலை செய்வதால் முன்னறிவிப்பாளரின் அன்றாடக் கருவி இதுவே. இரண்டு அலைவரிசைகளிலும் கிடைக்கும் வெப்பநிலைகளின் சிறு வேறுபாட்டைக் கொண்டு தூசிப் படலத்தையும், மெல்லிய கீற்று மேகத்தையும், கடல் மேற்பரப்பு வெப்பநிலையையும் கண்டறியலாம்.

நீராவி அலைவரிசை 6.5 முதல் 7.1 மைக்ரான் வரை. புள்ளி 8 கி.மீ. புதியவர்களைப் பெரிதும் ஏமாற்றுவது இதுதான். வளிமண்டலத்தின் நடு அடுக்கிலும் மேல் அடுக்கிலும் உள்ள நீராவியை மட்டுமே இது பார்க்கிறது. தரையை ஒட்டியுள்ள ஈரத்தை இதில் காண முடியாது. கருமையாகத் தெரியும் இடத்தில் மேலே வறண்ட காற்று இருக்கிறது என்று சொல்லலாம். கீழே வறட்சி என்று சொல்ல முடியாது. ஆனால் ஒரு புயலின் பக்கவாட்டில் அந்தக் கருமை வளைந்து உள்ளே நுழைவதைப் பார்த்தால் கூர்ந்து கவனியுங்கள். வறண்ட காற்று புகுவது புயலை வலுவிழக்கச் செய்யும் காரணங்களில் ஒன்று.

மீதமுள்ள இரண்டையும் தேவைப்படும்போது கற்றால் போதும். 1.6 மைக்ரானை ஒட்டிய அலைவரிசையில் பனிக்கட்டி ஒளியை உறிஞ்சிக் கருமையாகவும் நீர்த்துளி மேகம் வெண்மையாகவும் தெரிவதால், இமயமலையின் பனியையும் அதன்மேல் நிற்கும் மேகத்தையும் பிரித்தறியலாம். 3.9 மைக்ரானை ஒட்டிய அலைவரிசையை இரவில் வெப்ப அகச்சிவப்போடு ஒப்பிட்டால், கங்கைச் சமவெளியின் குளிர்கால மூடுபனியைக் காண முடியும்.

நான்காம் படி: இரண்டு படங்களை அருகருகே வையுங்கள்

இதுவே இந்தக் கலையின் அடிப்படை என்று நான் கருதுகிறேன். பகல் நேரத்தில், ஒரே நேரத்துக்குரிய ஒளிப் படத்தையும் அகச்சிவப்புப் படத்தையும் எடுத்துக்கொண்டு, ஒரே இடம் இரண்டிலும் எப்படித் தெரிகிறது என்று பாருங்கள்.

இரண்டிலும் பளிச்சென்று வெண்மையாக இருந்தால் அது தடித்தும் உயர்ந்தும் இருக்கும் மேகம். இடிமேகமாக இருக்க வாய்ப்பு அதிகம். ஒளிப் படத்தில் வெண்மையாகவும் அகச்சிவப்பில் கருமையாகவும் இருந்தால், அது தடித்த ஆனால் தாழ்ந்த மேகம் அல்லது மூடுபனி. அதன் உச்சியின் வெப்பநிலை கடலின் வெப்பநிலைக்கு நெருக்கமாக இருப்பதால் அகச்சிவப்பில் மறைந்துவிடுகிறது. ஒளிப் படத்தில் கீழேயுள்ள கடற்கரைக்கோடு மங்கலாகத் தெரிய, அகச்சிவப்பில் மட்டும் வெண்மையாக இருந்தால், அது உயரத்தில் மிதக்கும் மெல்லிய கீற்று மேகம். அதிலிருந்து தரைக்கு மழை வராது.

தொடக்கத்தில் சொன்ன இரண்டு தவறுகளும் இங்கேதான் பிறக்கின்றன. இடிமேகம் ஒன்று மழையைக் கொட்டித் தீர்த்த பின்னும், அதன் உச்சியிலிருந்து பரவிய பனிக்கட்டித் துகள் படலம் பல மணி நேரம் காற்றில் அலைந்துகொண்டிருக்கும். அகச்சிவப்பில் அது கடுங்குளிராகத் தெரியும். அதன் கீழே துளி மழையும் இருக்காது. மறுபுறம், வடகிழக்குப் பருவமழையின்போது கடலிலிருந்து கரைக்கு வரும் மேகங்கள் பல, உயரம் குறைந்தவை. அவற்றின் உச்சி அவ்வளவு குளிர்ந்திருக்காது. நிறப் படத்தில் சாம்பல் நிறத்தைத் தாண்டாது. ஆனால் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே இடத்தில் வந்து மோதிக்கொண்டிருந்தால் சென்னையின் சாலைகளை நிரப்பும் அளவுக்கு அவை மழை தரக்கூடியவை. வண்ணம் இல்லையென்று குடையை விட்டுச்செல்பவர் நனைவது இப்படித்தான்.

ஐந்தாம் படி: நிறப் பட்டையின் எண்களைப் படியுங்கள்

சிவப்பு, ஊதா, பச்சை ஆகியவை இயற்கையான நிறங்கள் அல்ல. வெப்பநிலைக்கு ஏற்ப மென்பொருள் தருபவை. நிறத்தட்டை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி அமைத்துக்கொள்கிறது. ஒரு தளத்தில் சிவப்பாகத் தெரியும் வெப்பநிலை மற்றொன்றில் வெள்ளையாகவோ கருப்பாகவோ இருக்கலாம். படத்தின் அடியிலோ பக்கத்திலோ இருக்கும் பட்டையில், அந்த நிறத்துக்கு எதிரே எந்த எண் எழுதியிருக்கிறது என்று பார்ப்பதே ஒரே வழி.

இன்னும் நெருங்கிப் பார்க்க விரும்புபவர்கள் அகமதாபாத்திலுள்ள விண்வெளிப் பயன்பாட்டு மையத்தின் மோஸ்டாக் தளத்தில் பதிவுசெய்து, மூலத் தரவையே இறக்கிக்கொள்ளலாம். அது எச்டிஎஃப்5 என்ற வகைக் கோப்பு. பைத்தான் மொழி சிறிது தெரிந்தால் திறந்துவிடலாம். உள்ளே ஒவ்வொரு புள்ளிக்கும் 0 முதல் 1023 வரையிலான ஓர் எண் இருக்கும். கூடவே, அந்த எண் எத்தனை கெல்வின் வெப்பநிலைக்குச் சமம் என்று சொல்லும் ஓர் அட்டவணையும் அதே கோப்பில் இருக்கும். எண்ணை அட்டவணையில் தேடி, கிடைத்த கெல்வினிலிருந்து 273-ஐக் கழித்தால் செல்சியஸ். ஒரு புள்ளிக்கு 203 கெல்வின் என்று வந்தால், மேக உச்சி சுழியத்துக்குக் கீழே 70 டிகிரியில் இருக்கிறது என்று பொருள்; நம் பகுதியில் அது நன்கு வளர்ந்த இடிமேகத்தின் உச்சி. யாரோ தீட்டிய வண்ணத்தின் துணையில்லாமல் நாமே இந்த எண்ணை எடுத்துப் பார்க்கும்போது, கருவி என்ன அளக்கிறது என்பது ஐயமின்றி விளங்கிவிடும்.

ஆறாம் படி: மேகம் காட்டும் இடத்தில் இருக்கிறதா என்று கேளுங்கள்

செயற்கைக்கோள் நம் ஊருக்கு நேர் மேலே இல்லை; சாய்வாகப் பார்க்கிறது. உயரமான மேகத்தைச் சாய்வாகப் பார்க்கும்போது, அது உண்மையில் நிற்கும் இடத்தைத் தாண்டி, செயற்கைக்கோளுக்கு எதிர்த்திசையில் தள்ளி நிற்பதாகத் தெரியும். 82 டிகிரி கிழக்கிலிருந்து சென்னையைப் பார்க்கும்போது சாய்வு குறைவு, 15 கி.மீ. உயரமுள்ள மேக உச்சி ஏறத்தாழ 4 கி.மீ. மட்டுமே வடக்கே நகர்ந்து தெரியும், அதாவது அகச்சிவப்பில் ஒரே ஒரு புள்ளி. தில்லிக்கு இது 10 கி.மீ. அளவுக்கு வரும்.

இதே மேகத்தை ஜப்பானின் வானிலைச் செயற்கைக்கோளான ஹிமாவாரியில் பார்த்தால் நிலைமை வேறு. அது 140.7 டிகிரி கிழக்கில் நிற்கிறது. சென்னை அதன் பார்வையில் பூமியின் மேற்கு ஓரத்துக்கு அருகில் உள்ளது. கணக்கிட்டால், அதே உச்சி ஏறத்தாழ 40 கி.மீ. மேற்கே தள்ளித் தெரியும். கடலுக்கு மேல் நிற்கும் மேகம் காஞ்சிபுரத்தின் பக்கம் வந்துவிட்டதாகப் படம் காட்டும். ஹிமாவாரியின் கருவிக்கு 16 அலைவரிசைகள் உண்டு, 10 நிமிடத்துக்கு ஒரு முழுப் படம் தருகிறது என்பதெல்லாம் உண்மை; இணையத்தில் அந்தப் படங்கள் அழகாகவும் இருக்கும். ஆனால் தமிழகத்தின் மேகம் எந்த வட்டத்தில் நிற்கிறது என்று பார்க்க இன்சாட்டையே நம்புங்கள். அந்தமானுக்குக் கிழக்கே நிகழ்வதைப் பார்க்க ஹிமாவாரி நன்றாகப் பயன்படும்.

ஏழாம் படி: ஒற்றைப் படத்தோடு நிறுத்தாமல் தொடர்ச்சியைப் பாருங்கள்

குறைந்தது மூன்று மணி நேரப் படங்களை ஓடவிட்டுப் பாருங்கள். உச்சி மேலும் குளிர்ந்துகொண்டே போனால் மேகம் வளர்கிறது. ஓரங்கள் நைந்து, குளிர்ச்சி குறைந்து, படலம் பரவினால் அது தேய்கிறது. தாழ்ந்த மேகங்கள் ஒரு திசையிலும் உயர்ந்தவை வேறொரு திசையிலும் நகர்வதைக் கண்டால், உயரத்துக்கு உயரம் காற்று மாறுகிறது என்று அறியலாம். வானிலை மையங்களும் இதையே கணினியின் துணையுடன் செய்கின்றன: அடுத்தடுத்த மூன்று படங்களில் ஒரே மேகத் துண்டைப் பின்தொடர்ந்து காற்றின் வேகத்தையும் திசையையும் கணக்கிட்டு, முன்னறிவிப்பு மாதிரிகளுக்கு அளிக்கின்றன. கடலின் நடுவே காற்றை அளக்கும் நிலையங்கள் மிகக் குறைவு என்பதால், இந்த அளவீடுகள் பெரும் மதிப்புடையவை.

மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டிய வாரங்களில் நள்ளிரவு வாக்கில் சில படங்கள் விடுபட்டிருந்தால் குழம்ப வேண்டாம். அந்நாட்களில் செயற்கைக்கோள் பூமியின் நிழலுக்குள் சென்று வருகிறது. அதை ஒட்டிய நேரத்தில் சூரிய ஒளி கருவிக்குள் நேராகப் புகும் ஆபத்தும் உண்டு.

எட்டாம் படி: புயலின் வடிவத்தைப் படிக்கத் தொடங்குங்கள்

கடலில் இருக்கும் புயலின் வலிமையைச் செயற்கைக்கோள் படத்திலிருந்து மதிப்பிடும் முறையை 1970-களில் அமெரிக்க வானிலையாளர் வெர்னன் டுவோராக் உருவாக்கினார். இந்திய வானிலை ஆய்வுத் துறை இன்றும் அதைப் பயன்படுத்துகிறது. ஆங்கில அறிக்கைகளில் 'டி' என்ற எழுத்தோடு வரும் எண் இதுதான். மேகப் பட்டை மையத்தைச் சுற்றி எவ்வளவு வளைந்திருக்கிறது, மையத்தை அடர்ந்த மேகம் மூடியிருக்கிறதா, கண் தெரிந்தால் கண்ணின் சூட்டுக்கும் சுற்றியுள்ள உச்சிகளின் குளிருக்கும் எவ்வளவு வேறுபாடு என்றெல்லாம் பார்த்து அந்த எண்ணைத் தருகிறார்கள். 1.5 என்றால் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம், 2.5 என்றால் புயல், 3.5 என்றால் தீவிரப் புயல். வளைவு எங்கே மையம் கொள்கிறது என்று நீங்களே குறித்துவைத்து, பிறகு துறை அறிவித்த மையத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தொடக்க நிலையில் மையம் பெரும்பாலும் அடர்ந்த மேகத்தின் நடுவில் இருக்காது, ஓரத்தில் இருக்கும். புதியவர்கள் குறி தவறுவது இங்கேதான்.

ஒன்பதாம் படி: மழையை அறிய மற்றக் கருவிகளிடம் செல்லுங்கள்

இமேஜர் மேகத்தின் உச்சியோடு நின்றுவிடுகிறது. அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று அறிய நுண்ணலைக் கருவிகள் வேண்டும். துருவங்களை ஒட்டியோ சாய்வான பாதைகளிலோ தாழ்வாகச் சுற்றும் செயற்கைக்கோள்களில் அவை இருப்பதால், ஒரு நாளில் சில முறையே நம் பகுதியைக் கடக்கின்றன. ஆனால் மேகத்தை ஊடுருவி மழையையே காட்டுகின்றன. 2022 நவம்பர் 26 அன்று ஏவப்பட்ட இஓஎஸ்-06 செயற்கைக்கோளில் உள்ள ஸ்காட்டரோமீட்டர், கடல் மேற்பரப்பில் வீசும் காற்றை அளக்கிறது. கரைக்கு அருகில் வந்துவிட்ட மழைக்கு ரேடாரே சிறந்த சாட்சி. சென்னை, காரைக்கால், ஸ்ரீஹரிகோட்டா ரேடார் படங்களை இன்சாட் படத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அகச்சிவப்பில் குளிராகவும் ரேடாரில் வெறுமையாகவும் இருக்கும் இடத்தைக் கண்டால், நான்காம் படியில் சொன்ன கீற்றுப் படலத்தை நேரில் பார்க்கிறீர்கள். எச்சரிக்கை, வெளியேற்றம், கடலுக்குச் செல்வது போன்ற முடிவுகளுக்குத் துறையின் அறிக்கையே ஆதாரம். நம் வாசிப்பு அதைப் புரிந்துகொள்ள உதவுவது.

பத்தாம் படி: நடந்து முடிந்த இரண்டு புயல்களில் பழகுங்கள்

முதலில் வர்தா. 2016 டிசம்பர் 12 பிற்பகல் சென்னை அருகே கரையைக் கடந்ததால், 09.30 முதல் 11.30 யுடிசி வரையிலான ஒளிப் படங்கள் கிடைக்கும். மாலை நெருங்கும்போது சாய்ந்த வெயிலில் உயர்ந்த மேகங்களின் நிழல் தாழ்ந்த மேகங்களின்மேல் விழுவதைத் தேடுங்கள். அகச்சிவப்புப் படத்தில் அதே இடங்களின் வெப்பநிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து கஜா. அது இரவுப் புயல் என்பதால் அகச்சிவப்பும் நீராவியும் மட்டுமே துணை. நவம்பர் 15 அன்று 12.00 யுடிசி முதல் மறுநாள் 12.00 யுடிசி வரை ஒவ்வொரு மணிக்கும் ஒரு படம் எடுத்து, மிகக் குளிர்ந்த புள்ளியின் வெப்பநிலையையும், மையம் என்று உங்களுக்குத் தோன்றும் இடத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டே வாருங்கள். கரையைக் கடந்த பின் தீபகற்பத்தைத் தாண்டி அரபிக்கடலுக்குள் சென்ற புயல் அது. நிலத்தின்மேல் இருந்த மணிகளில் அந்த வெப்பநிலை எப்படி மாறியது என்பதை உங்கள் தாளே காட்டும்.